பெருங்களத்தூரில் செய்த கார்

எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று இன்னும் முடிவாகவில்லை. தெருவில் நடக்கும்போது ஆட்களைப் பார்க்க மாட்டேன், வண்டிகளைத்தான் பார்ப்பேன். அதிலும் பளபளவென்று புதிதாக ஒன்று போனால் திரும்பக்கூட மாட்டேன். துருப்பிடித்த மட்கார்டு, வட்ட ஹெட்லைட், நாம் கேட்டுப் பழகாத இன்ஜின் சத்தம் என்று ஏதாவது இருந்தால் அப்படியே நின்றுவிடுவேன். "நான் எதிரில் வந்தா இவனுக்குத் தெரியாது, எனக்குப் பின்னாடி ஒரு ஓட்டை லாம்ப்ரெட்டா வந்தா தெரியும்" என்று எங்கள் க்ளாஸில் ஒருவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். உண்மையைத்தான் சொல்கிறான், என்ன செய்வது.

காஸ்டிங் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. தேதி, இடம், வண்டி, நம்பர் பிளேட்டின் முதல் மூன்று எழுத்து. போன வருடம் ஜூலை மாதத்தில் மட்டும்: யெஸ்டி இரண்டு, ராஜ்தூத் ஒன்று, டீசல் புல்லட் ஒன்று (செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், பால் கேன்களோடு), முதல் மாடல் மாருதி 800 ஒன்று, பிரீமியர் பத்மினி நான்கு, லூனா ஒன்று. அந்த நோட்டை ஒரு நாள் மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை புரியவில்லை :-)

இந்த வேலையில் முதலில் பார்க்க வேண்டியது நம்பர் பிளேட். மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு எண் என்று இப்போது நாம் பார்க்கும் முறை, 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகு வந்தது. அதற்கு முன்னால் மூன்று எழுத்து, நான்கு எண், அவ்வளவுதான். எம்.எஸ். என்றோ எம்.டி. என்றோ ஆரம்பித்தால் மெட்ராஸ் என்ற பேரில் வந்த வண்டி. டி.எம்., டி.என். என்று ஆரம்பித்து மூன்றாவதும் ஒரு எழுத்தாகவே இருந்தால் அதற்குப் பிந்தையது. அண்ணா காலத்தில், 1969 ஜனவரியில் மாநிலத்தின் பேர் மாறிய கதை நம்பர் பிளேட்டிலேயே இருக்கிறது. டி.என். 01 என்று எண் வந்துவிட்டால் எனக்கு அங்கேயே பாதி ஆர்வம் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு கார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு குறுக்குத் தெரு. கல்லூரி விட்டு ஸ்டேஷனுக்குப் போக நான் கண்டுபிடித்த குறுக்கு வழி. அங்கே ஒரு பழைய வீட்டின் காம்பவுண்டுக்குள் நீலத் தார்ப்பாய் போட்டு ஏதோ ஒன்று மூடி வைத்திருந்தார்கள். ஆறு மாதம் அதைக் கடந்து போயிருப்பேன். ஒரு நாள் தார்ப்பாய் விலகியிருந்தது. உள்ளே ஒரு குட்டிக் கார். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு மாதிரி லேசாகத் தூக்கியிருந்தது. ஒரு பெரியவர் முன்பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தார். நாம் பார்க்கிற கார்களில் பானெட் மட்டும்தானே மேலே தூக்கும்? இதில் பானெட், இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கமாகச் சாய்ந்தது. முதலை வாய் பிளந்த மாதிரி. இன்ஜினும் முன்சக்கரமும் அப்படியே வெளியே தெரிந்தன. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.

வாய் சும்மா இருக்குமா. "இது எந்த நாட்டுக் கார் சார்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்கிருந்து வர்றப்பா?"

"கூடுவாஞ்சேரி சார். ட்ரெயின்ல."

"அப்போ தினமும் இது பொறந்த இடத்தைத் தாண்டித்தான் வர்றே. பெருங்களத்தூர்ல செஞ்ச கார் இது."

நான் நம்பவில்லை. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம். இரண்டு வருடமாக அந்த வழியில் போய் வருகிறேன். பெருங்களத்தூர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தீபாவளிக்கு முதல் நாள் ஊருக்குப் போகிற பஸ்களின் நெரிசலும், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருக்கும் கண்ணாடிக் கட்டிட ஐ.டி. வளாகமும்தான். கார் ஃபேக்டரியாவது ஒன்றாவது. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அன்று இரவு இரண்டு மணிவரை தூங்கவில்லை. மறுநாள் இண்டர்னல் டெஸ்ட். அதன் ரிசல்ட்டைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

பெரியவர் சொன்னது சரி. அந்தக் கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கிற இடத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி இருந்தது. சுதந்திரத்துக்கு அடுத்த வருடம், 1948ல் ஆரம்பித்த கம்பெனி. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டு. முதலில் வேன்கார்டு என்ற பெரிய காரைப் பூட்டி விற்றார்கள். பிறகு ஸ்டாண்டர்டு 8, 10, பென்னன்ட் என்று சின்னக் கார்கள். 1961ல் ஹெரால்டு. மாம்பலத்தில் நான் பார்த்தது அதுதான்.

இந்த இடத்தில் என் பாடப் புத்தகத்தை இழுக்க வேண்டியிருக்கிறது. தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1951. ஒரு மார்க் கேள்வியில் வருடத்தை மட்டும் எழுதிவிட்டு மறந்துபோன சட்டம். எதை உற்பத்தி செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதற்கு அரசின் லைசென்ஸ் வேண்டும் என்று சொன்ன சட்டம் அது. 1953ல் கட்டண ஆணையம், அதாவது டாரிஃப் கமிஷன், கார் தொழிலைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் இனி ஆகாது, பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்பது அதன் சாரம். 1928லிருந்து பம்பாயில் கார் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டையைக் கட்டியது. ஃபோர்டும் போனது. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. கார் என்றால் இனி இந்த மூன்று பேர்தான். எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், லேலண்டோடு சேர்ந்து 1955ல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது.

அதாவது நாட்டில் மூன்றே மூன்று கார் கம்பெனிகள் இருந்த காலத்தில், அதில் ஒன்று பெருங்களத்தூரில் இருந்தது. (ஒரு சின்ன இடைச்செருகல். அன்றைக்குக் கிளம்பிப்போன அதே ஃபோர்டு 1990களில் திரும்பி வந்து, இதே ரயில் பாதையில் சில ஸ்டேஷன்கள் தள்ளி மறைமலைநகரில் ஃபேக்டரி கட்டியது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021ல் அறிவித்தது. எங்கள் தெருவில் அதனால் வேலை போனவர்கள் இருக்கிறார்கள். கார் ஃபேக்டரி வருவதும் போவதும் இந்த லைனுக்குப் பழகிய விஷயம் போலிருக்கிறது.)

ஹெரால்டு ஏன் அப்படி வாயைப் பிளக்கிறது என்பதற்குப் பின்னாலும் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியை, போட்டியாளரான பி.எம்.சி. 1953ல் வாங்கிவிட்டது. பாடிக்கு எதிரியிடம் கையேந்த முடியாது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்யும் வசதியும் சொந்தமாக இல்லை. அதனால் பழைய காலத்துக் கார் மாதிரி தனியாக ஒரு சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி, போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி ஒரு காரை வடிவமைத்தார்கள். இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலொட்டி அதற்கு அழகு சேர்த்தார். 1959ல் அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பேரில் வந்தது.

கஷ்டத்துக்குச் செய்த ஏற்பாடு. ஆனால் பெரிய பெரிய ப்ரெஸ் மெஷின் இல்லாத நம்மைப் போன்ற நாட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. 948 சிசி இன்ஜின். 25 அடி இடம் இருந்தால் போதும், ஒரே வெட்டில் திரும்பிவிடும். மாம்பலம் சந்துக்குள் அந்தப் பெரியவர் ஏன் இதை வைத்திருந்தார் என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

இன்னொன்று. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு எப்போதும் இரண்டு கதவுதான். கூபே வந்தது, திறந்த மாடல் வந்தது, எஸ்டேட் வந்தது, நான்கு கதவு மட்டும் வரவில்லை. நம் ஊரில் ஒரு காரில் தாத்தா பாட்டி முதல் பேரன் வரை ஏற வேண்டும். முன் சீட்டை மடக்கி, குனிந்து, பின்னால் நுழைவதெல்லாம் பட்டுப்புடவையில் நடக்கிற காரியமா? 1960களின் பிற்பகுதியில் மெட்ராஸ்காரர்கள் அதை நான்கு கதவுக் காராக மாற்றினார்கள். அந்த நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறு எங்கும் தயாரானதில்லை. 1970களின் ஆரம்பத்தில் அதையே இன்னும் மாற்றி, பின் அச்சை நம் சாலைக்கு ஏற்ற மாதிரி திருத்தி, கஸெல் என்று பேர் வைத்து விட்டார்கள். அது 1977 வரை ஓடியது. பிறகு பல வருடம் கார் இல்லை, ஸ்டாண்டர்டு 20 என்ற வேன் மட்டும். 1985ல் ஒரு கடைசி முயற்சி: ஸ்டாண்டர்டு 2000. ரோவர் கம்பெனியின் எஸ்.டி.1 காரின் அழகான பாடிக்குள், அந்தப் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜினைத் திருத்திப் போட்டிருந்தார்கள். மாருதி 800 சந்தைக்கு வந்து, நாடே அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்! விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம். 1980களின் முடிவில் எல்லாம் நின்றுபோனது. நிலம் 2000களில் கைமாறியது. கண்ணாடிக் கட்டிடம் வந்தது.

இதைப் படித்த பிறகு நான் தெருவைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. அதுவரை "ஐ, பழைய வண்டி" என்று பார்த்தவன், "இதற்கு யார் லைசென்ஸ் கொடுத்தது, இதை வாங்கியவர் எத்தனை வருடம் காத்திருந்தார்" என்று பார்க்க ஆரம்பித்தேன்.

காத்திருப்பு என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. காரை யாருக்கு எந்த வரிசையில் விற்பது என்பதற்கு 1959ல் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு, ஸ்கூட்டருக்கு 1960ல் இன்னொன்று. பேரைப் பதிவு செய்து, முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்து வருடம்வரை காத்திருந்தவர்கள் உண்டு. கைக்கு வந்த வண்டியையும் உடனே விற்கக் கூடாது. அப்படியும் கமுக்கமாக விற்றார்கள், புது விலையைவிட அதிகமாக! ஓட்டிப் பழசான வண்டி புது வண்டியைவிட விலை அதிகம் என்றால் என் அக்கவுண்டன்சி மேடம் மயங்கி விழுந்துவிடுவார். 1969ல் கார் விலையையும் அரசே நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. ஒரு காரின் அடக்க விலை என்ன, நியாயமான லாபம் எவ்வளவு என்று நீதிபதிகள் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். காஸ்டிங் பேப்பரில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் பாஸாகியிருப்பேன்.

இந்த லைசென்ஸ் காலத்தைத் திட்டாத பொருளாதாரப் புத்தகம் இல்லை. திட்டட்டும், நியாயம்தான். ஆனால் ஒரு விசித்திரமான பக்க விளைவு இருக்கிறது. போட்டி இல்லாததால் யாரும் மாடலை மாற்றவில்லை. மாடலை மாற்றாததால் முப்பது, நாற்பது வருடம் அதே ஸ்பேர் பார்ட்ஸ் கிடைத்தது. ஸ்பேர் கிடைத்ததால் வண்டி சாகவில்லை. அம்பாசடர் 1957 வாக்கில் ஆரம்பித்து 2014 வரை பெரிதாக முகம் மாறாமல் வந்தது. புல்லட்டும் அப்படித்தான். திருவொற்றியூரில் 1955ல் ஆரம்பித்த என்ஃபீல்டு, இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970 வாக்கில் கண்ணை மூடிய பிறகும் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. அதனால் ஐம்பது வயது அம்பாசடரையும் புல்லட்டையும் தெருவில் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் எங்கே என்றால் அநாதைகளிடம். கொஞ்ச காலம் வந்து, கம்பெனியே இல்லாமல் போய், ஸ்பேரும் கிடைக்காமல், ஆனாலும் ஓடுகிற வண்டிகள். ஹெரால்டு அப்படி ஒன்று. என்ஃபீல்டு கம்பெனியே 1960களில் ஃபேன்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டர் செய்தது. 175 சிசி வில்லியர்ஸ் இன்ஜின், பட்டன் ஸ்டார்ட் வேறு! புல்லட் கம்பெனி ஸ்கூட்டர் செய்தது என்று சொன்னால் இன்றைக்கு புல்லட் ஓட்டுகிறவர்களே நம்ப மாட்டார்கள். 1980களில் அதே கம்பெனி சில்வர் ப்ளஸ், மோஃபா என்று குட்டி மொபெட்டுகளும் செய்தது. மோஃபாவை நான் ஒரே ஒரு முறை ராணிப்பேட்டையில் பார்த்தேன். முதலில் சைக்கிள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டு, புகை வந்ததும் திரும்பி ஓடினேன். செங்கல்பட்டில் பார்த்தேனே டீசல் புல்லட், அதுவும் இந்த ஜாதிதான். டீசலில் ஓடுகிற மோட்டார் சைக்கிளைத் தொடர்ந்து தயாரித்து விற்பதை உலகத்தில் யாரும் பெரிதாக முயற்சி செய்ததில்லை. இவர்கள் டாரஸ் என்ற பேரில் செய்தார்கள். கிணற்றடி பம்ப்செட் தெருவில் வருகிற மாதிரி சத்தம். வேகம் கேட்கக் கூடாது. மைலேஜ் கேட்டால் சொந்தக்காரர் அரை மணி நேரம் பேசுவார்.

பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மண்டபத்துக்கு எதிரில் ஒரு பெட்டி மாதிரிக் கார் நின்றது. இரண்டே கதவு. மாருதியில் இப்படி ஒரு மாடலா என்று கையை வைத்தேன். தகரத்தின் சில்லிப்பு இல்லை. தட்டினால் டொக் டொக் என்றது. ஃபைபர்! சிபானி டால்ஃபின். இங்கிலாந்தில் ரிலையன்ட் கம்பெனியின் கிட்டன் என்ற காரை வைத்து, பெங்களூரில் 1980களின் ஆரம்பத்தில் செய்த கார். அதற்கும் முன்னால் அதே ஆட்கள் பாதல் என்று மூன்று சக்கரக் கார் ஒன்றை 1970களில் செய்திருக்கிறார்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, ஆட்டோவுக்குக் கார் வேஷம் போட்ட மாதிரி. குறைந்த விலையில் ஒரு மக்கள் கார் வேண்டும் என்று அரசாங்கக் கமிட்டிகள் 1960லிருந்து சொல்லிக்கொண்டேதான் இருந்தன. அது மாருதியாக வந்து சேர்ந்தது 1983 டிசம்பரில். நடுவில் இருந்த இருபத்து மூன்று வருட இடைவெளிதான் என்னைப் பொறுத்தவரை பாதல் மாதிரி வண்டிகளுக்கு அப்பன். கல்யாணத்தில் நான் சாப்பாட்டுப் பந்தியைத் தவறவிட்டேன் என்பது வேறு விஷயம். அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

இந்த அநாதைகளை யார் காப்பாற்றுகிறார்கள்? பெரிய பணக்காரர்கள், மியூசியம் என்று சொல்லலாம். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது, 2015ல் திறந்தது, அவசியம் போய்ப் பாருங்கள். ஆனால் தெருவில் ஓடுகிறதைக் காப்பாற்றுவது புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும்தான். எழும்பூர் பக்கத்தில் கூவம் ஓரமாக இருக்கிற புதுப்பேட்டைக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரு வண்டி உள்ளே போனால் சாயங்காலத்துக்குள் கதவு ஒரு கடையில், டைனமோ ஒரு கடையில், கியர் பாக்ஸ் ஒரு கடையில் இருக்கும். எனக்கு அங்கே ஒரு மெக்கானிக் அண்ணனைத் தெரியும். எந்த வண்டிக்கு எந்த வண்டியின் பாகம் பொருந்தும் என்பது அவர் மண்டைக்குள் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. "ஒரிஜினல் வேணும்னா ஷோகேஸ்ல வை. ஓடணும்னா என்கிட்ட வா" என்பார். அவர் பையன் இந்த வேலைக்கு வரவில்லை. ஃபுட் டெலிவரி ஓட்டுகிறான், எலக்ட்ரிக் ஸ்கூட்டரில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் நிலையில் இருந்தால் அது விண்டேஜ். வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் கழித்துப் புதுப்பிக்க 5,000. நல்ல விஷயம் என்றுதான் நானும் முதலில் குதித்தேன். பிறகு முழுசாகப் படித்தேன். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குப் போவது என்று சில காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் வரலாம். மரியாதை கொடுக்கிறார்கள், தெருவிலிருந்து எடுத்துவிட்டு.

ஐம்பது ஆகாதவற்றுக்கு நேர் எதிர். 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் இருசக்கர வண்டிக்கு 300லிருந்து 1,000 ஆனது, காருக்கு 600லிருந்து 5,000. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டியிருந்தால் இருசக்கர வண்டிக்கு 2,000, காருக்கு 10,000 என்று ஆக்கினார்கள். பழைய வண்டி புகை விடுகிறது, பிரேக் சரியில்லை, ரோட்டில் குறைய வேண்டும் என்பதற்காக. அதை நான் மறுக்கவில்லை, அந்தப் புகையைச் சுவாசிக்கிறவன் நானும்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். 15 வயது முதல் 50 வயது வரை ஒரு வண்டி குப்பை. 50 ஆனால் பாரம்பரியம். நடுவில் இருக்கும் 35 வருடத்தை யார் காசில், எதற்காகத் தாண்டுவது? ஹெரால்டை யாராவது ஒரு சேகரிப்பாளர் வாங்கிவிடுவார். மோஃபாவையும் லூனாவையும் யார் வாங்குவார்கள்? சாதாரண ஆட்கள் ஓட்டிய சாதாரண வண்டிதான் முதலில் காணாமல் போகும். எது நிறைய இருந்ததோ அது ஒன்றுகூட மிஞ்சாது.

எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. அப்பா வேலைக்குச் சேர்ந்து 1991ல் வாங்கிய டி.வி.எஸ். 50. ஓசூரில் 1980ல் வந்த மாடல், இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட். அதற்கு முன்னால் மொபெட் என்றால் ஒருத்தர்தான். ஒரே ஒரு சீட்டைக் கூடுதலாகச் சேர்த்து எத்தனை குடும்பங்களை ஏற்றிவிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் அக்காவை ஸ்கூலில் சேர்க்கக் கூட்டிப்போனது அதில்தான். பெடலை மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அப்பா இன்றும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு அதில்தான் போவார்.

போன முறை, 2021ல், பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாய். இந்த வருடம் 2,000. பழைய இரும்புக்காரர் கேட்ட விலை 1,500. தேய்மானக் கணக்கில் நேர்க்கோட்டு முறை போட்டால் இந்த வண்டியின் மதிப்பு எப்போதோ பூஜ்யம். குறைந்துசெல் மதிப்பு முறை போட்டால் மட்டும் பூஜ்யம் ஆகவே ஆகாது, ஏதோ சில பைசா எப்போதும் பாக்கி இருக்கும். அந்தச் சில பைசாவுக்கு 2,000 ரூபாய் கட்டணும் என்று நான் அப்பாவிடம் வாதாடினேன். 2041ல் இதற்கு ஐம்பது வயது ஆகும், அதற்குள் இன்னும் மூன்று தடவை கட்டினால் போதும், 6,000தான் என்று பேப்பரில் போட்டும் காட்டினேன். (அதற்குள் கட்டணம் ஏறாது என்று வைத்துக்கொண்டேன். காமர்ஸ் மாணவன் செய்யக்கூடாத தப்பு.) அப்பா கணக்கைப் பார்த்தார். "2041ல எனக்கு எழுபத்தி மூணுடா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மாம்பலத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். காம்பவுண்டுக்குள் தார்ப்பாயைக் காணவில்லை. கார் நின்ற இடத்தில் தரையில் ஆயில் கறை மட்டும் இருந்தது. கேட்டில் பூட்டு. எதிர்வீட்டு அம்மாவிடம் விசாரித்தேன். பெரியவரைப் பையன் தன்னோடு வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்விட்டானாம். காரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். யார், எங்கே என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. "லாரியில ஏத்தும்போது ஸ்டார்ட் பண்ணாங்க தம்பி, ஒரே உதையில கிளம்பிடுச்சு" என்று மட்டும் சொன்னார். ஓடுகிற காரைப் புதுப்பேட்டைக்கு லாரியில் ஏற்ற மாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். புதுப்பேட்டை அண்ணனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் ஹெரால்டு பானெட் ஏதாவது தென்பட்டால் போன் பண்ணுங்கள் என்று. இதுவரை போன் வரவில்லை.

நேற்று ராத்திரி அப்பா பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். மொபெட்டின் ஆர்.சி. புக்காம். கிடைத்துவிட்டது, ஓரமெல்லாம் கரையான் அரித்து. இன்சூரன்ஸ் பேப்பரைத்தான் இன்னும் காணோம். செவ்வாய்க்கிழமை எனக்கு க்ளாஸ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். மேடம் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

கஸெல் இதுவரை என் நோட்டில் ஏறவில்லை. நான்கு கதவு, கறுப்பு கிரில், பின்னால் துடுப்பு. எந்த ஊர்த் தெருவிலாவது, எந்தத் தார்ப்பாய்க்கு அடியிலாவது பார்த்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.